நான் மாற்றிப் படித்த கடிதம்

1838 ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து இரண்டு பாவாடைக்கு விளிம்பு மடித்துத் தைத்தேன். ஒன்றைப் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டியதாயிற்று.

என் வீட்டுக்காரன் மிங்கோ பீப்பாய்ப் பட்டறையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னான். "ஒண்ணாம் தேதி எல்லாத் தீவுலயும் விட்டுடறாங்களாம். நெவிஸ், டொமினிக்கா, மொன்செராட்... எல்லாம்."

"யாரு சொன்னா?"

"படகுக்காரங்க. நம்மள விட்டு நாலு வருஷம் கழிச்சுத்தான் அவங்களுக்கு விடிஞ்சிருக்கு, பாத்தியா."

ஆன்டிகுவாவில் அடிமைகளாயிருந்த எங்களை ஒரேயடியாக விட்டார்கள். மற்றத் தீவுகளில் விடுதலை பெயருக்குத்தான். நாலு வருடமும் பழைய எஜமானுக்கே உழைக்க வேண்டியிருந்தது. இப்போது அதுவும் முடிகிறது. நல்ல செய்திதானே? பிறகு ஏன் களி கிண்டும்போது அடிபிடிக்க விட்டேன்?

ஜூலை 12

எழுதிவிடுகிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் எழுத்து தெரியாது. அதனால் வந்த வினைதான் இதெல்லாம்.

மிங்கோவின் முதல் மனைவி பெனிபாவை மொன்செராட்டுக்குக் கொண்டுபோனது பதினைந்து வருடத்துக்கு முன். எஜமானின் மகளுக்குக் கல்யாணம். சீதனப் பொருள்களோடு ஒரு சலவைக்காரியும் வேண்டும் என்றார்கள். காலையில் சொல்லி மதியத்துக்குள் வண்டியில் ஏற்றினார்கள். மிங்கோ அன்று வேறு தோட்டத்தில் பீப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் வந்தபோது பெண்டாட்டி இல்லை. நாலு வயது மகன் ஏனோக்கு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெனிபாதான் அவன் கையைப் பிடித்து என் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அழவில்லை. கண்காணி சாட்டையோடு நின்றான், அழ நேரமில்லை.

அதற்கு ஆறு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. அந்தத் தீவுப் போதகர் ஒருவர் அவளுக்காக எழுதியது. ஞாயிறு பள்ளியில் எழுத்து படித்தவள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான். மிங்கோ அதை என்னிடம் நீட்டினான். அப்போதுதான், அந்த மழைக்காலத்தில்தான், அவன் என் வாசலில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தான். ஏனோக்கு என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

நான் முழுவதையும் மனதுக்குள் படித்தேன். பிறகு சொன்னேன். "பெனிபா காய்ச்சல்ல போயிட்டா."

கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஜூலை 13

எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூலை 26

தண்ணீருக்குப் போன இடத்தில் கிளாரிந்தா பிடித்துக்கொண்டாள். சந்தையில் கிழங்கு விற்கிறவள். அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"என்னடி, மூஞ்சி கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கு? ஊரே சிரிக்குது, நீ மட்டும் எழவு வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்க?"

"வெயிலு."

"வெயிலு எனக்கும்தான் அடிக்குது. நெவிஸுல இருந்து என் தம்பி வரான் தெரியுமா? இருபது வருஷம் ஆச்சு. மூக்க வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும். எங்க அப்பன் மூக்கு. தூரத்துல வந்தாலே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மொன்செராட்டிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெனிபா உயிரோடு இருக்கிறாளா? கடிதம் வந்து ஒன்பது வருடம் ஆயிற்றே. இல்லாமலும் இருக்கலாம்.

இப்படி நினைக்கிறேனே, நான் என்ன பிறவி!

ஆகஸ்ட் 1, புதன்

கோவிலில் நிற்க இடமில்லை. நாலு வருடத்துக்கு முன் இதே நாள் ஞாபகம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் இருந்ததில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்தி வந்து, சத்தம் போடவும் பயந்து, சும்மா உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை விடியும் முன்னே, வயலுக்குக் கூப்பிடும் சங்கு ஊதாமலே எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது. எழுந்து, மண்வெட்டியை எடுத்து, பாதி வழி போன பிறகுதான் யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்று உறைத்தது. வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

அந்த வருடக் கடைசியில்தான் மிங்கோவும் நானும் கோவிலில் மோதிரம் மாற்றினோம். "முதல் மனைவி?" என்று போதகர் கேட்டார். "இறந்துட்டா ஐயா" என்று மிங்கோ சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன்.

இன்று ஆராதனை முடிந்து திரும்பும்போது மேட்டில் நின்றோம். வானம் தெளிவு. கடலுக்கு அப்பால் மொன்செராட் மலை தெரிந்தது. கடிதம் வந்த நாளிலிருந்து அவன் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. இன்று பார்த்தான்.

"பாவி, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்" என்றான். "இன்னிக்கு அவளும் படகேறி வந்திருப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, சனி

கிளாரிந்தாவோடு துறைமுகத்துக்குப் போனேன், துணைக்கு என்று சொல்லி. பாய்மரப் படகுகள் வந்தபடி இருந்தன. இறங்குகிறவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்கள். கரையில் நிற்கிறவர்களும் அப்படியே. பெயர்களைக் கூவுகிறார்கள். ஒரு கிழவர் "ஜூபா! ஜூபா!" என்று கூவிக்கொண்டே இருந்தார். ஐந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து பேரும் அவருடைய ஜூபா இல்லை.

கிளாரிந்தாவின் தம்பி வந்தான். மூக்கு நிஜமாகவே பெரிது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்கள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

மொன்செராட் படகும் வந்தது. பதினோரு பேர். ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். அவள் இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. நான் எதற்காக இங்கே நிற்கிறேன்? வந்தால் என்ன செய்வதாக இருந்தேன்? திருப்பி அனுப்புவதாகவா?

கிளாரிந்தா அழுத மாதிரி மிங்கோவும் ஒரு நாள் மணலில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டியவன்தானே.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பட்டறைக்கே போனேன். வீட்டில் சொன்னால் வீடு தாங்காது என்று தோன்றியது. அவன் பீப்பாய்க்கு வளையம் இறக்கிக்கொண்டிருந்தான். முன்னுரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"பெனிபா சாகல. அந்தக் கடுதாசில அப்படி இல்ல. நான் மாத்திப் படிச்சேன்."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். வெகு மெதுவாக.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"உயிரோட இருக்கேன்னு எழுதியிருந்தாளா?"

"ஆமா."

"அந்த மலைலயா?"

"ஆமாய்யா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் செதுக்கிப் போட்ட மரச்சிராய்களைக் காலால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான். "செத்தவளுக்காக நான் முடி எடுத்தேன்டி. நீதான் எடுத்து விட்ட."

வீட்டுக்கு வந்து ஏனோக்கிடம் அவனே சொன்னான். ஏனோக்குக்குப் பத்தொன்பது வயது. கல் வேலை செய்து தோள் அகன்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்த பார்வை—

வேண்டாம். எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 17

இருவரும் மொன்செராட் படகில் ஏறினார்கள். நான் கட்டிக் கொடுத்த கிழங்கையும் கருவாட்டையும் மிங்கோ எடுத்துக்கொண்டான். ஏனோக்கு தொடவில்லை.

ஆகஸ்ட் 22

காற்று அதிகம். படகு ஏதும் போகவில்லை, வரவில்லை. வீட்டை மூன்று முறை பெருக்கினேன். அவள் வந்தால் எங்கே படுப்பாள்? அவள் செத்திருந்தால்? அப்படியானால் என் பொய் மெய்யாகிவிடும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டா? இருந்தாலும் கொடுமை, இல்லாவிட்டாலும் கொடுமை. நானாகத் தேடிக்கொண்டது.

ஆகஸ்ட் 29

கிளாரிந்தாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. முதல் தடவையாக.

போகும்போது மட்டும், "எங்க வீட்டோட ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கு. ஒழுகும். ஆனா இருக்கு" என்றாள்.

செப்டம்பர் 6, வியாழன்

வந்துவிட்டார்கள். மூன்று பேர்.

பெனிபா நொண்டுகிறாள். தலை பாதி வெளுத்துவிட்டது. என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள், பத்து வயது மூத்தவள் போல் இருக்கிறாள். ஏனோக்கின் தோளைப் பிடித்துக்கொண்டே வாசல் ஏறினாள். அந்தக் கையை அவன் இறக்கவே விடவில்லை.

உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"கடுதாசி போட்டப்புறம் ரெண்டு வருஷம், தாமார். படகு வர்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் மலைலேருந்து கீழ இறங்கி வருவேன். துணி மூட்டைய தலையில வெச்சுக்கிட்டு, வேலையா வந்த மாதிரி. ஒரு சொல்லு வரல. அப்புறம் நானே முடிவு பண்ணிக்கிட்டேன், இந்தாளு என்னைத் தூக்கிப் போட்டுட்டான்னு. இவன நான் சபிக்காத நாளில்ல. இவன் கை விளங்காம போகணும்னு வேண்டிக்கிட்டேன். இவன் என்னடான்னா எனக்கு முடி எடுத்துட்டு உக்காந்திருந்திருக்கான்."

மிங்கோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தக் கடுதாசில என்ன சொன்னேன்னு எனக்கே மறந்து போச்சு" என்றாள். "போதகர்கிட்ட என்னென்னமோ சொன்னேன். நீ படிச்சவதானே. சொல்லு, கேப்போம்."

"எரிச்சுட்டேன்."

"எரிச்சது தெரியும். சொல்லு."

எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? நின்றுகொண்டே சொன்னேன். போதகரின் எழுத்து கண் முன்னால் வரி வரியாகத் தெரிந்தது.

"மிங்கோ, நான் உயிரோடு இருக்கிறேன். என்னை மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். ஒரு கால் வீங்குகிறது, மற்றபடி குறையில்லை. பையன் என்னைக் கேட்கிறானா? கேட்டால், இருக்கிறேன் என்று சொல். கேட்காவிட்டால் நீயாக ஒன்றும் சொல்ல வேண்டாம், அவன் அழுவான்."

அங்கே நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத" என்றாள். "இன்னும் இருக்கு."

"அவன் பட்டினி கிடக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தாமாரிடம் விட்டுத்தான் வந்தேன். அவளிடம் விட்டதால்தான் இரவில் தூக்கம் வருகிறது. அவளுக்கு என் அன்பைச் சொல். உன்னிடமிருந்து ஒரு சொல் வந்தால் போதும்."

மிங்கோவின் தோள் குலுங்கியது. ஏனோக்கு எழுந்து வெளியே போய்விட்டான்.

பெனிபா தலையை ஆட்டினாள், சரக்கு சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறவள் போல. "ஆமா. அதான் சொன்னேன்" என்றாள்.

நான் துணிகளைக் கட்டினேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

போதகர் கூப்பிட்டுக் கண்டித்தார். சட்டப்படி நான்தான் மனைவியாம், வீட்டை விட்டு வந்தது பாவமாம். கோவில் கல்யாணப் பதிவேட்டில் ஏறியிருப்பது என் பொய் ஐயா, என்றேன். அப்பமும் ரசமும் தரும் திருவிருந்திலிருந்து என்னை ஆறு மாதம் விலக்கி வைத்தார். சரி என்று வந்தேன்.

மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. தைக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 3

சாய்ப்பு ஒழுகுகிறது. கிளாரிந்தா பொய் சொல்லவில்லை.

நவம்பர் 10, சனி

குளத்தங்கரையில் பெனிபா. நான் திரும்பிவிடப் பார்த்தேன். "நில்லுடி" என்றாள்.

துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஏழு வயசுல பையனுக்குக் காய்ச்சல் வந்துச்சாமே. கண்காணி வயலுக்கு வான்னு கூப்பிட்டும் நீ போகலையாம். மடியிலயே வெச்சிருந்தியாம். முதுகுல அடி வாங்கினியாம். அவன் சொன்னான்."

முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லி எதையும் ஈடுகட்ட முடியாது.

"அதுக்காக உன்னை மன்னிக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி." துணியை உதறினாள். "இந்தப் பக்கம் கல்லு வழுக்குது. பாத்து இறங்கு."

1839 ஜனவரி 20

மிங்கோ கோவிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் நைந்திருக்கிறது. திருப்பித் தைத்தால் இன்னும் ஒரு வருடம் வரும். அது இனி என் வேலை இல்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. ஆலைக் காற்றாடி விடிந்ததிலிருந்து சுற்றுகிறது.

ஏனோக்கு தினமும் இந்த வழியாகத்தான் சுவர் வேலைக்குப் போகிறான். ஐந்து மாதமாகத் தலையைத் திருப்பாமல் போவான். இன்று நின்றான். உடம்பெல்லாம் சுண்ணாம்பு.

"தண்ணி இருக்கா?"

கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தான். என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

"வீட்டுல ரெண்டு பேருக்கும் ஓயாத சண்ட" என்றான். "களில உப்பு இல்லன்னு நேத்து பொழுதெல்லாம். பதினஞ்சு வருஷத்துச் சண்டையையும் சேத்துப் போடறாங்க." கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"ஏன் சொன்ன?"

"என்னது?"

"நீயா போய் அப்பாகிட்ட ஏன் சொன்ன? சொல்லலன்னா யாருக்குத் தெரியும்? அவ சொல்லிட்டா, அவளா கிளம்பி வந்திருக்கவே மாட்டாளாம். யாரும் வேணாம்னு இருந்தாளாம்."

ஐந்து மாதமாக இதை வைத்துக்கொண்டுதான் இந்த வழியாக நடந்தானா? தெரியவில்லை என்றே சொன்னேன். துறைமுகத்தில் கிளாரிந்தா அழுததைச் சொன்னேன். அது பதிலாகுமா என்று தெரியாது.

அவன் குவளையைத் திருப்பித் தரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினான். ஊற்றினேன். இந்த முறை வாசற்படியில் உட்கார்ந்து குடித்தான்.