உன் அம்மாவின் வலது கண்

நட்சத்திரம் மினுக்கினாலே திட்டித் தீர்க்கும் என் மாலதிக்கு,

நீ காய்ச்சல்ல கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகுது. உன்மேல எனக்குக் கோபம் இன்னும் தீரலடி. பாதி வேலையில விட்டுட்டு யாராவது போவாங்களா?

நம்ம கருவி முடிஞ்சிடுச்சு. தொலைநோக்கிக்காக நாம ரெண்டு பேரும் செஞ்சோமே, காத்து கலங்கினாலும் நட்சத்திரத்தைத் தெளிவாக் காட்டுற வளையுற கண்ணாடி, அதைக் கண்ணுக்குள்ள திருப்பினா விழித்திரையைப் பாக்கலாம்னு நீதானே அடம் பிடிச்சே? பாக்குது. பொடி ரத்தக்குழாய்கூடத் தெரியுது. அடுத்த வாரம் எங்க காரைக்கால்மேட்டுல கண் பரிசோதனை முகாம். மீன் ஏலம் போடுற கூடத்துலயே இடம் குடுத்துட்டாங்க.

ஆனா முதல் கண்ணு உங்கம்மாவுதுதான்னு நீ எப்பவோ சொல்லிவச்சிருந்தியே. அதனால இன்னைக்குக் காலையில போலகத்துக்கு, உங்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? கருவி வருதுன்னு ரெண்டு கண்ணுலயும் விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "சூடு அடங்கினாத்தானே படம் நல்லா விழும்?"னாங்க. படம் முழுக்க ஒரே மேகமூட்டம். சிரிப்பை அடக்கிக்கிட்டு, கண்ணைக் கழுவச் சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுத்தேன்.

மேகம் போயிடுச்சு. வலது கண்ணுல ஒரு கறை மட்டும் போகல.

சர்க்கரை இருக்கிற உடம்பாச்சே. லென்ஸைத் துடைச்சேன், அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் நீ தொலைநோக்கியில செய்ற சோதனை ஞாபகம் வந்துச்சு. கேமராவைத் திருப்பு. கறை படத்துல அதே இடத்துல நின்னா நம்ம கருவியோட அழுக்கு, நட்சத்திரங்களோட சேர்ந்து சுத்தினா அது வானத்துல இருக்கிறது.

நம்ம கருவி தப்பா இருக்கணும்னு வாழ்க்கையிலேயே முதல் தடவையா வேண்டிக்கிட்டேன். மாரியம்மா, இது வெறும் அழுக்கா இருக்கட்டும்! திருப்பினேன். ரத்தக்குழாயெல்லாம் சுத்துச்சு. கறையும் கூடவே சுத்துச்சு.

பாவி, ஏண்டி இவ்வளவு சரியா செஞ்சே?

வாசலுக்கு வந்து கண் டாக்டருக்குப் படத்தை அனுப்பினேன். "ரத்தக்கசிவு மாதிரி இருக்கு, நாளைக்கே கூட்டிட்டு வாங்க"ன்னார். பார்வைக்கு ஒண்ணும் ஆகாதே சார்னு கேட்டேன். நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்னு போனை வச்சிட்டார். அதுக்கு என்ன அர்த்தம் மாலதி?

உள்ள போனா, அம்மா முகவாயைக் கருவிமேல வச்சுக்கிட்டு அடுத்த கண்ணுக்குத் தயாரா இருக்காங்க. அந்தக் கண்ணுலயும் ஏதாவது இருந்துட்டா? "சார்ஜ் தீந்துபோச்சும்மா, அப்புறம் பாக்கலாம்"னு புளுகினேன்.

அம்மா உள்ளங்கையால வலது கண்ணைப் பொத்திக்கிட்டு, இடது கண்ணால கருவியை உத்துப் பாத்தாங்க.

"பச்சை லைட்டு எரியுதேடி. எம் மக இருந்திருந்தா என்கிட்ட மறைச்சிருப்பாளா?"

வலது கண்ணைப் பத்தி மட்டும் ஒருவழியாச் சொல்லி முடிச்சேன். டாக்டர்கிட்ட எந்தப் புடவை கட்டிக்கிட்டுப் போறதுன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

பயமா இருக்குடி. ஆனாலும் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி இடது கண்ணையும் எடுத்துடுவேன். என்ன தெரிஞ்சாலும் டாக்டருக்கு முன்னாடி அம்மாகிட்டதான் சொல்லுவேன். இது உன்மேல சத்தியம்.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு இப்ப இருக்கிற ஒரே மக,
செல்வி