மிளகு முறுக்குக்கு ஒன்பது

நான் குடிக்கத் தொடங்கிவிட்டேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். திருத்திவிடுகிறேன். நான் குடித்தது மூன்று தேக்கரண்டி வெள்ளை ஒயின், அதுவும் சமையலறையில் நின்றபடி, காரியமாக. கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள் நான். அளவைக் கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். கழுவிய பிறகும் அந்தக் கரண்டியில் வாசனை போகவில்லை. அதுதான் உங்களுக்கு எழுத உட்கார வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் எடுத்துக்கொள்வீர்கள். தொட்டுக்கொள்ள நான் ஏதாவது வைப்பேன். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த உங்களுக்கு வீட்டிலும் மதிப்பெண் போடும் பழக்கம் விடவில்லை. இருபதுக்கு இத்தனை என்று துண்டுச்சீட்டில் மதிப்பெண் எழுதி, காலித் தட்டின் அடியில் வைத்து அனுப்புவீர்கள். என் மிளகு முறுக்குக்கு எப்போதும் பதினாறு.

"மிச்சம் நாலு எங்கங்க போச்சு?"

"உனக்குத் தலைக்கனம் ஏறாம இருக்க நான் எடுத்து வச்சிருக்கேன்."

கடைசி ஞாயிறு மட்டும் ஒன்பது. மகன் பாரிசிலிருந்து கொடுத்தனுப்பிய மெல்லிய வெள்ளை ஒயினை அன்று திறந்திருந்தீர்கள். அதே முறுக்கு, அதே கை. சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாப்பத்தாறு வருஷம் கழிச்சு என் கைப்பக்குவம் கசந்துபோச்சா?"

"முறுக்கு மேல தப்பில்லம்மா. நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு, தெரியும்."

"நான் எதுக்குக் குடிக்கணும்? இனிமே கடையில வாங்கித் தின்னுங்க!"

புதன்கிழமை நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். அந்தச் சீட்டு இரண்டு வருடமாக என் கைப்பையில் இருந்தது. உங்களுக்கு என் சமையல் மேல்தான் மனம் விட்டுப்போனதா, என் மேலேயே விட்டுப்போனதா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை.

போன வாரம் மகன் அதே ஒயினோடு வந்தான். "சாயங்காலம் என் மாமனார் மாமியார் வர்றாங்கம்மா. இதுக்குத் தொட்டுக்க ஏதாவது செய்யேன்" என்றான். மிளகு முறுக்கைப் பிழிந்து தட்டில் அடுக்கியும்விட்டேன். அப்போது அந்த ஒன்பது நினைவுக்கு வந்தது. சம்பந்தி முன்னால் தலைகுனிய எனக்கு விருப்பமில்லை. முறுக்கை ஒரு கடி கடித்து, மேலே ஒரு கரண்டி ஒயினை ஊற்றிக்கொண்டேன்.

மிளகு நாக்கைச் சுட்டது. ஒயின் வெறும் புளித்தண்ணீராகிப் போனது. நானாக இருந்தால் ஐந்துகூடப் போட்டிருக்கமாட்டேன். ஒன்பது நீங்கள் இரக்கப்பட்டுப் போட்டது! என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வேலைக்கு வரும் செல்வி உள்ளே நுழைந்தாள்.

"ஐயய்யோ, அம்மா, நீங்களுமா? இதுல தனியா சிரிப்பு வேறயா!"

"வாயை மூடிக்கிட்டு இறாலை உரி."

காரைக்கால்மேட்டு இறால். வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தேன். அதோடு இரண்டாவது கரண்டி. மிளகே போடாத தேங்காய்ப்பால் முறுக்கோடு மூன்றாவது. இரண்டுக்கும் ஒயின் ஒயினாகவே இருந்தது. மிளகு முறுக்கு செல்வி வீட்டுக்குப் போனது; கதையும் கூடவே போனது, போகட்டும்.

"இதுக்கு இதுதான் சேரும்னு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர். நான்தான் லேட்டா கேட்டுக்கிட்டேன்" என்றேன். நான் அப்படியெல்லாம் ஒப்புக்கொள்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

சீட்டு இன்னமும் கைப்பையில்தான் இருக்கிறது. இப்போது கோயிலில் காணிக்கை எடுக்கப் பைக்குள் கை விடும்போது அது விரலில் பட்டால் கையை இழுத்துக்கொள்வதில்லை. நீங்கள் கடைசியாக எனக்கு எழுதியது கோபமில்லை, உண்மை. அது போதும்.

ஆனால் அன்று தட்டு காலியாகத் திரும்பி வந்தபோது, பழக்கதோஷத்தில் அடியில் தடவிப் பார்த்தேன். எலுமிச்சை இறால், தேங்காய்ப்பால் முறுக்கு, மெல்லிய வெள்ளை ஒயின்: இருபதுக்கு எத்தனை? தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.