வார்ப்பிரும்பில் ஒரு கோடு

செப்டம்பர் 20, சனி

இன்று அண்ணனிடம் சொல்லாதது: சக் கீழே விழுந்துவிட்டது. என் கையிலிருந்து.

காலையிலிருந்து மூடாப்பு. மழை இல்லை, புழுக்கம் மட்டும். அண்ணன் மோட்டார் பெல்ட் வாங்க ஆவடி போயிருந்தான். அண்ணி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஷெட்டில் நான் மட்டும்.

ஷெட் என்றால் கார் நிறுத்துவதற்காக அப்பா போட்ட தகரக் கொட்டகை. கார் வாங்கவேயில்லை. ஜூலையிலிருந்து அங்கே லேத், கடைசல் இயந்திரம், இருக்கிறது. அம்பத்தூரில் மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது. எழுபது வயதாவது இருக்கும். கைப்பிடிகளெல்லாம் தேய்ந்து கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கின்றன.

சக் என்பது அதன் வாய். கடைய வேண்டிய உலோகத்தை மூன்று தாடைகளால் கவ்விக்கொண்டு சுற்றும் உருளை. பத்துக் கிலோ இருக்கும். ‘தனியா தூக்காத, நான் வந்ததும் தூக்கலாம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து முடித்திருந்தேன். மேஜைக்கு மாற்ற நாலடி தூரம். கையெல்லாம் எண்ணெய்.

வாசற்படி விளிம்பில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. சிமெண்ட்டில் ஒரு பள்ளம். சக்கில் எதுவும் தெரியவில்லை. மூன்று முறை பார்த்தேன்.

அண்ணன் பெல்ட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தான். “பாரு, மாலையோட வந்துட்டேன். மாப்ள ரெடி.”

அவன் வேலை பார்த்த கம்பெனி ஊரை விட்டுப் போய் எட்டு மாதம். பாதி நாள் சத்தமில்லாத டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவன். சிரிக்கிறான்.

பள்ளத்தின் மேல் எண்ணெய் டின்னை நகர்த்தி வைத்தேன்.

செப். 21, ஞாயிறு

தாஸ் அண்ணன் வந்தார். அண்ணனோடு அதே கம்பெனியில் பத்து வருடம் ஃபிட்டராக இருந்தவர்.

“இன்னா மச்சான், பொண்ணு பாக்க வந்த மாரி மெஷினயே பாத்துகினு கீற?”

“பொண்ணுக்குப் புடிச்சிருச்சுடா. நீதான் புரோக்கர், இன்னா வேணும் கேளு.”

“ஒன்னியும் வேணாம். வஞ்சிர மீன் கொழம்பு போதும்.”

அடுக்களையிலிருந்து அண்ணி: “புரட்டாசில மீன் பேச்சு எடுத்தா ரெண்டு பேருக்கும் ரசம்கூட கிடையாது!”

நாள் முழுக்க பெட் வேலை, லேத்தின் அடித்தளத்தைச் சமமாக்குவது. நேர்கட்டையில் நீலமை தடவி லேத்தின் தண்டவாளத்தின் மேல் வைத்து இழுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். அண்ணன் சுரண்டினான், நான் துடைத்தேன். மாலைக்குள் நீலப் புள்ளிகள் தண்டவாளம் முழுக்கச் சீராக வந்துவிட்டன. பார்க்க அழகு.

தாஸ் அண்ணன் சக்கைத் தூக்கிப் பிடித்து ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

“மணி மாரி அடிக்கணுமே. உள்ள இன்னும் கிரீஸ் கீது தங்கச்சி, சத்தத்த அடைக்குது. நல்லா கழுவு.”

கழுவுகிறேன் என்றேன். உள்ளே கிரீஸ் இல்லை. எனக்குத் தெரியும்.

வாங்க வேண்டியவை:
எமரி தாள் 400, 800
வேஸ்ட் துணி
ஸ்பிண்டில் ஆயில்
அண்ணிக்குத் தலைவலி மாத்திரை

அக். 1 ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, முதல் ஓட்டம். பட்டாபிராமில் பம்ப் கடை வைத்திருப்பவர் பன்னிரண்டு கன்மெட்டல் புஷ், பம்புத் தண்டைத் தாங்கும் வெண்கல வளையங்கள், கேட்டிருக்கிறார். பிடித்துப்போனால் மாதாமாதம் வேலை உண்டாம். “இது ஓடலன்னா நான் யாராவது கேட்ல சல்யூட் அடிச்சிகினுதான் நிக்கணும்” என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டேதான். தாஸ் அண்ணன் சிரிக்கவில்லை.

செப். 23, செவ்வாய்

நெமிலிச்சேரியில் 8.12 ரயில். உட்கார இடம் இல்லை. சக் வார்ப்பிரும்பில் செய்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்பத்தூர் வரை போனில் வார்ப்பிரும்பு பற்றிப் படித்தேன். எஃகு என்றால் வளையும், நெளியும், ஏதாவது ஒன்று காட்டும். வார்ப்பிரும்பு எதுவும் காட்டாது. தாங்கும் வரை முழுதாக இருக்கும்.

ஆபீஸில் என் வேலையே அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்து அறிக்கை அனுப்புவது. இன்று பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், எந்தப் படியில் நடந்தது, எவ்வளவு தீவிரம். டீம் லீட் தோளில் தட்டி, “உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்றார்.

படித்த நாவல்களில் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். நூறு பக்கம் ஏன் இழுக்கிறாய், வாயைத் திற என்று தோன்றும். இன்றோடு மூன்று நாள்.

மாலை நல்ல மழை. ஷெட்டில் ஒழுகுகிறதா என்று அண்ணன் இரண்டு முறை ஓடிப்போய்ப் பார்த்தான்.

செப். 27, சனி

அண்ணனும் அண்ணியும் திருநின்றவூர் போயிருந்தார்கள், கோயிலுக்கு. இரண்டு மணி நேரம் கிடைத்தது.

மண்ணெண்ணெயில் சக்கை ஊற வைத்தேன். எடுத்துப் பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். சாக்பீஸைப் பொடி செய்து மேலே தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியை நனைக்கும். இல்லாவிட்டால் பொடி வெள்ளையாகவே இருக்கும்.

கால் மணி நேரம். வெள்ளை. எழுந்து தண்ணீர் குடித்தேன். சந்தோஷம்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு கோடு. முதல் தாடை போகும் பள்ளத்தின் மூலையிலிருந்து விளிம்பை நோக்கி. கட்டைவிரல் நகம் அளவு நீளம். தலைமுடி அளவுக்கு மெல்லியது.

பொடியை ஊதிவிட்டுத் திரும்பத் தூவினேன். அதே இடத்தில் அதே கோடு.

நான் போட்டதால் வந்ததா, எழுபது வருடமாக இருந்ததா? தெரியாது. வார்ப்பின் தழும்பாகவும் இருக்கலாம். போனில் படம் எடுத்தேன். பிறகு அந்தப் படத்தை அழித்தேன். ஏன் அழித்தேன் என்று இங்கே எழுத முயன்றேன், வரவில்லை.

கோயிலிலிருந்து சுண்டல் வந்தது. காரம்.

செப். 28, ஞாயிறு

மோட்டார் மாட்டியாகிவிட்டது. சக் இல்லாமல், அதை மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அதிர்கிறதா என்று பார்க்க லேத்தின் மேல்மூடியில் ஒற்றை ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தான் அண்ணன். விழவில்லை. தாஸ் அண்ணன் விசில் அடித்தார்.

“இது லேத் இல்ல மச்சான், பட்டு.”

அவர் போனதும் கேட்டேன்.

“அண்ணா, சக்க மட்டும் புதுசா வாங்கிப் போட்டுக்கலாமா?”

“ஏன்?”

“பழசாச்சே, அதான்.”

“மெஷினே பழசுதான். நம்ம ஊடு பழசு. நான் பழசு. எல்லாத்தையும் மாத்திடலாமா?” என் தலையில் ஒரு குட்டு. “மெஷினோட பொறந்த சக்குமா அது. அத கழட்டிட்டு வேற போட்டா ஒட்டவே ஒட்டாது.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காக மூச்சைக்கூட இழுத்தேன். அதற்குள் அவன் குனிந்து ஸ்பிண்டிலை விரலால் சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அக். 1, புதன்

பூஜை. வெயில். வாழைக்கன்று இரண்டு, பூசணி, எலுமிச்சை, பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை. அண்ணன் யாரும் சொல்லாமல் ஆறு மணிக்கே குளித்து வேட்டி கட்டிக்கொண்டு நின்றான்.

பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தபோது அண்ணியிடம் சொன்னேன். பாதிதான். “அண்ணி, அந்தச் சக்குல சின்னதா ஒரு கீறல் மாதிரி இருக்கு. உடைஞ்சுரப் போவுது.”

அவள் பட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“நல்ல நாள் அதுவுமா உடைஞ்சுது கிடைஞ்சுதுன்னு வாய்ல வரலாமா? எட்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் மனுஷன் நிமிந்து நிக்கறாரு. பூஜ போட்டு நாளைக்கி ஆரம்பிக்கட்டும். அப்புறம் எத்தினி கீறல் இருந்தாலும் சொல்லு.”

“இல்ல அண்ணி…”

“கீறல்தான? எந்த இரும்புல கீறல் இல்ல? பொரிய கொண்டா.”

கீறல் என்று நான்தான் சொன்னேன். விழுந்தது என்று சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். மோட்டார், பெல்ட் மூடி, ஸ்பேனர்கள், என் லேப்டாப். சக்கை என்னிடம் விட்டான் அண்ணன். “நீதான கழுவுன, நீயே வை.”

மூன்று தாடைகளுக்கு மூன்று பொட்டு. முதல் பொட்டு அந்தக் கோட்டின் மேல் விழுந்தது. விழுந்தது என்று ஏன் எழுதுகிறேன்? நான் வைத்தேன். விரலை அழுத்தி, கோடு மறையும் வரை. அதன் மேல் குங்குமம்.

அக். 2, வியாழன்

விஜயதசமி. 7.40க்கு நல்ல நேரம்.

“உன் கையால போடு” என்று ஸ்விட்ச்சைக் காட்டினான் அண்ணன். நீ போடு, அண்ணி போடட்டும், தாஸ் அண்ணன் போடட்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“தங்கச்சிக்கு வெக்கம் பாரு!”

போட்டேன். போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அண்ணன் நகரவில்லை. சந்தனப் பொட்டுகள் மூன்றும் சேர்ந்து ஒரு மஞ்சள் வட்டமாகின. சின்ன முனகல்கூட இல்லை. பித்தளைத் துண்டு ஒன்றைக் கவ்வவிட்டுக் கடைந்தான். சீவல் சுருள் சுருளாக வந்தது. அண்ணி ஒரு சுருளை எடுத்து மூக்குத்தி மேல் வைத்துக் காட்டினாள்.

இருபது நிமிடம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. வெறும் வார்ப்புத் தழும்புதான் போலிருக்கிறது. மதியம் நன்றாகத் தூங்கினேன், பத்து நாளில் முதல் தூக்கம். எழுந்ததும் பயம் திரும்பி வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது.

அக். 4, சனி

மறுபடி மூடாப்பு. காகங்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன, பக்கத்து மனையில் ஏதோ செத்துக்கிடக்கிறது.

நேற்று அண்ணன் புஷ் வேலை தொடங்கவில்லை. கன்மெட்டல் கம்பி இன்று காலைதான் வந்தது. ஒன்பதுக்கே ஷெட்டில் சத்தம் கேட்டது. மெதுவான ஓட்டம்தான்.

இப்படிச் சொல்லலாம்: அண்ணா, போன மாசம் நீ ஆவடி போனப்ப சக்கக் கீழ போட்டுட்டேன். உள்ள ஒரு விரிசல் இருக்கு. நான் பாத்தேன். நிறுத்து.

நான்கு வாக்கியம். இதற்கு இரண்டு வாரம்.

மணி 9.40. இறங்கிப் போகிறேன்.

அக். 7, செவ்வாய்

சனிக்கிழமை நான் போனபோது பம்ப் கடைக்காரர் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான்கு புஷ் முடிந்து அவர் மடியில் இருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் முன்னால் சொல்ல முடியவில்லை. அவர் போகட்டும் என்று வாசற்படியில் நின்றேன்.

“நைசா கீது நைனா. ஆனா இன்னும் கொஞ்சம் ஸ்பீடா ஓடாதா? நான் கையோட எடுத்துகினு போயிருவேன்.”

“ஓடுமே, அதுக்கென்ன.” அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு பெல்ட்டை அடுத்த புல்லிக்கு மாற்றினான்.

நான் “அண்ணா” என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். “இரு, முடிச்சிட்டு வரேன்.” ஸ்விட்ச்சைப் போட்டான்.

சக் உடைந்தது. ஒரு தாடை தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போய்ப் பக்கத்து மனையில் விழுந்தது. இன்னொன்று அவன் வலது கையில் பட்டது. கடைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் அண்ணி அவன் கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த எல்லோரிடமும் அண்ணன், “நான்தான் ஸ்பீட் கூட்டிட்டேன், என் தப்புதான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். தாஸ் அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். “நானே தட்டிப் பாத்தேனே. காதுல கேட்டுச்சே. கிரீஸுன்னு சொன்னேனே.”

ஞாயிறு அண்ணியிடம் முழுவதும் சொன்னேன். “கீறல்னு சொன்ன. கீழ போட்டேன்னு சொன்னியா?” என்றாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

நேற்று காலை ஸ்டிரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்து அண்ணனிடம் சொன்னேன். நான்கு வாக்கியமும். ஊசி போட்டிருந்தார்கள், கண் பாதி மூடியிருந்தது. கேட்டதா இல்லையா தெரியவில்லை.

பத்தரைக்கு அவன் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.