அம்மாவின் பல்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இரவு.

நேற்று எங்கள் தெருவில் எல்லோரும், செத்துப்போனவர்களைக் கட்டிப்பிடித்து நிற்பதுபோல் ஏஐ படம் செய்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நானும் அம்மாவோடு ஒன்று வைத்தேன். "சோக்கா கீதுக்கா" என்று ஒரே பாராட்டு.

இன்று காலையில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார்மா இது?"

"அம்மாதாம்பா."

"அவளுக்குப் பல்லு எடுப்பா இருக்குமே. அது இன்னா ஆச்சு?"

அம்மா எப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். படத்தில் வரிசைப் பல் தெரியச் சிரிக்கிறாள். பெற்ற மகள், நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சாயந்திரம் காசிமேட்டுக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அப்பா சொன்னார்: "அந்தப் பல்லப் பாத்துதாம்மா அவள கட்டிக்கினேன்."

ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். கண்ணை மூடினால் அந்த வரிசைப் பல்தான் வருகிறது.