பச்சை பூத்த லேப்டாப்

நெல் ஏற்றிய டிராக்டர் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மிக்கேல்ராஜ் இன்னும் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, காலைப் பூசைக்குப் போயிருந்த மனைவிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். எதிரே அவளுடைய இருபத்தைந்து வருஷத்து லேப்டாப் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

"ரோஸ்லின், கொள்முதல் நிலையத்துக்குப் போறேன். பழையது சாப்பிட்டுட்டேன். இட்லித் தட்டுல நீ குழிகுழியாப் பிரிச்சு வச்சிருக்கிற ஸ்க்ரூவைத் தொடலை. கெபாசிட்டர் பார்சல் வந்துடுச்சு, பிரிட்ஜ் மேல இருக்கு. மத்தியானம் உன் தம்பி கிளாட்சன், மக நிச்சயத்துக்குச் சொல்ல வர்றான். இறால் வாங்கி வச்சிருக்கேன். முகம் கொடுத்துப் பேசு."

கடைசி வரி அவருக்கே கூசியது. இரவல் வாங்கிப்போன கிளாட்சன்தான் லேப்டாப்பை மழையில் நனைத்துவிட்டான் என்று ஆறு வருஷமாக அவள் அவனோடு பேசுவதில்லை. அவன் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. நேற்று, போர்டில் பூத்திருந்த பச்சைக் களிம்பைப் பிரஷ்ஷால் தேய்த்தபடி, "மழைத்தண்ணி இவ்வளவா அரிக்கும்?" என்று கேட்டாள். அவர் டிராக்டருக்குச் சொல்லிவிட்டு வருவதாக எழுந்துபோனார்.

ஹாரன் மறுபடி அடித்தது. தாளின் அடியில் இடமில்லை. ஓரமாக நெருக்கி எழுதினார்.

"மழை இல்லை. அவன் கொண்டாந்து என் கையில கொடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் உன்கிட்ட தராம ரெண்டு மழைக்காலம், ஈரம் கசியுற யூரியா மூட்டை மேல போட்டு வச்சிருந்தேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

எழுந்தவர், நின்றபடியே இன்னொரு வரியும் சேர்த்தார்.

"அவன் வந்ததும் இந்தச் சீட்டை அவனுக்கும் படிக்கக் கொடு."