அஞ்சலைக்குச் சொல்ல வேண்டிய வழி

19.11.2001, திங்கள்

காலையிலிருந்து மழை. சென்னைக்கு வந்து எட்டு நாள். தம்பி செல்வராசுக்கு மூச்சு நேற்றைவிட மோசம். ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிப் போடுகிறான். சிமெண்ட் தூசி நுரையீரலில் கெட்டியாகிவிட்டதாம். டாக்டரம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அவன் பொண்டாட்டி அஞ்சலை அரியலூரில் இருக்கிறாள். மகள் பிரசவம் முடிந்ததும் புறப்படுவாள். தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. வாத்தியார் வீட்டுப் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பேசும்போது மறந்துவிடுகிறது, அதனால் இப்போதே குறித்துக்கொள்கிறேன்.

- எழும்பூரில் இறங்கு. கூட்டம் போகிற பக்கமே போ.
- ஆட்டோக்காரன் பையைப் பிடித்து இழுப்பான். பேச்சே கொடுக்காதே.
- இங்கே கண்டக்டர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டார். நாம்தான் போய், பெரியாஸ்பத்திரி என்று சொல்லி டிக்கெட் வாங்கணும். சில்லறை வை.
- குழாய்த் தண்ணி உப்பு. வீட்டிலிருந்தே ஒரு கேன்.
- செருப்பைக் கழற்றி வெளியே விடாதே. என்னது முதல் நாளே போச்சு.
- ராத்திரி படுக்க வராந்தா. அட்டைப்பெட்டி நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

மதியம் வார்டில் நர்ஸ் குரல். "கலியபெருமாள்! யாருப்பா கலியபெருமாள்?" சட்டென்று எழுந்துவிட்டேன். என் பேர்தானே. அந்தம்மா முறைத்தது. "உன்னையா கூப்ட்டேன்? பேஷண்டைக் கூப்ட்டேன்யா."

இனிமேல் அந்தப் பேருக்குத் திரும்பக்கூடாது.

20.11, செவ்வாய்

மழை. எள்ளளவும் விடவில்லை.

இதை எங்கேயும் எழுதியதில்லை. சிமெண்ட் ஃபேக்டரியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை தந்தார்கள். பட்டா என் பேரில். அதனால் வேலையும் என் பேருக்கு. மிச்சக் காட்டை நான் பார்த்துக்கிறேன், நீ போடா என்று தம்பியை அனுப்பினேன். கார்டில் போட்டோ அவனுடையது, பேர் என்னுடையது. ஊரில் இப்படி நாலைந்து வீடு உண்டு, யாரும் பெரிசாக நினைத்ததில்லை. பதினேழு வருஷம் கலியபெருமாளாகவே தூசி தின்றான். ஆஸ்பத்திரிக்கு ஃபேக்டரியில் கொடுத்த லெட்டரிலும் அதே பேர். இப்போது மாற்றிச் சொன்னால் வைத்தியம் நின்றுவிடும்.

என் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

சோப்பு, பிளாஸ்க், துண்டு வாங்கணும்.

21.11, புதன்

மழை இல்லை. தம்பி கொஞ்சம் பேசினான்.

"அண்ணே, கடலு எம்புட்டு தூரம்?"

"கிட்டத்தான்டா."

"போயிப் பாத்துட்டு வந்து சொல்லேன்."

பஸ் ஏறிப் போனேன். மீன் நாற்றம், சுண்டல்காரர்கள், ஒரு நொண்டிக் குதிரை. பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை, அவன் தனியாக இருக்கிறானே என்று திரும்பிவிட்டேன்.

"தண்ணி நம்ம சொரங்கக் குழியில நிக்குமே, அந்தப் பச்சையா?"

"ஆமாடா, அதே மாதிரிதான்."

பொய். கலங்கிக் கிடந்தது.

சாயங்காலம் போன். "பேத்தி பொறந்திருக்கா மாமா. அக்கா பாத்துக்கறேன்னாங்க. நாளைக்குக் காலை வண்டிக்கு வந்துடறேன்." அக்கா என்றது என் பொண்டாட்டியை. நோட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னேன். கடைசியாக முக்கியமானது: "கேட்டுல அவன் பேரைக் கேட்டா இல்லம்பாங்க. என் பேரைத்தான் கேக்கணும். மறந்துடாதே."

"உங்க பேரையா மாமா?" என்று இழுத்தாள். ஆமாம் என்றேன். "சரிங்க மாமா" என்றாள்.

22.11, வியாழன்

செல்வராசு போயிட்டான். மதியம் ரெண்டரை.

காலையில் பேத்தி பிறந்ததைச் சொன்னேன். தலையாட்டினான். அதற்குப் பிறகு "அவ வந்துட்டாளா?" என்று மூன்று தடவை. வண்டி லேட் போல என்றேன். பக்கத்தை விட்டு நகரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது, அதனால் நான் கீழே இறங்கவே இல்லை.

எல்லாம் முடிந்து ஊருக்குப் போன் பண்ண இறங்கினால், கேட்டுக்கு வெளியே அஞ்சலை. மஞ்சள் பையும் தண்ணிக் கேனுமாக, பன்னிரண்டு மணியிலிருந்து நிற்கிறாள். சொன்ன வழியில் ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை.

வாட்ச்மேன்: "பேஷண்ட் பேரு இன்னான்னு எத்தினி தபா கேட்டேன். வாயே தொறக்கல. ஊமைன்னு நெனச்சேன்பா."

புருஷன் பேரை எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். புருஷனோட அண்ணன் பேரென்றால் அதற்கும் மேலே. இரண்டுமே அவள் வாயில் வராது. அத்தனை சொன்ன எனக்கு இது தோன்றவில்லை. வாத்தியாரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கோ என்று சொல்லியிருந்தால் போதும்.

"நீங்க எறங்கி வருவீங்கன்னுதான் நின்னேன் மாமா. அவுங்களுக்குத் தேவலையா?"

பையையும் கேனையும் வாங்கிக்கொண்டு மேலே கூட்டிப் போனேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளணும்.

23.11, வெள்ளி

மறுபடி மழை. சவக்கிடங்கு வாசலில் வரிசை. வேன் பேசியாச்சு. துணி, கற்பூரம், ஐஸ்.

ரிஜிஸ்டரோடு ஒரு ஆள் வந்தான். "சம்சாரம் யாரு? புருஷன் பேரு சொல்லும்மா." நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இருய்யா. அந்தம்மாதான் சொல்லணும்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எடுத்துவிட்டு, அந்த வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கலியபெருமாள்" என்றாள்.

எழுதிக்கொண்டான். என் பக்கம் திரும்பினான். "நீ செத்தவருக்கு இன்னா வேணும்? பேரு?"

தம்பி என்றேன். செல்வராசு என்றேன்.