ஐம்பத்தாறு கொக்கிகள்

மார்ச் 3

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். நான் பேசுவதை இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. கேட்டால் திரும்ப வாசித்தும் காட்டுகிறது. வானொலிச் செய்தி மாதிரி நிறுத்திப் பேசினால் சமர்த்தாக எழுதுகிறது. எல்லாம் மகள் ஏற்பாடு. "என் காதுல ரத்தம் வர வைக்காம இதுகிட்ட சொல்லுங்கப்பா, எனக்கு ப்ராஜெக்ட் இருக்கு" என்றாள். என் வாயை அடைக்க வழி கண்டுபிடித்தவளுக்கு இப்போதே பட்டம் கொடுத்துவிடலாம்.

இன்று முழங்கால் வலி இல்லை.

மார்ச் 5

இருக்கிறது.

மார்ச் 8

மகள் பேருந்துப் பணிமனையில் பழகுநர். நான்கு நாள் வண்டிக்கு அடியில், ஐந்தாம் நாள் கல்லூரியில். இப்படியே நான்கு வருடம் ஓட்டிவிட்டாள். நான் முப்பத்தெட்டு வருடம் பெயின்ட் அடித்த அதே பணிமனைதான்.

இது கடைசி வருட ப்ராஜெக்ட். ஓட்டுநர்கள் புகார்ப் புத்தகத்தில் எழுதியதை, பதினைந்து வருடத்துக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்கு ஊட்டியிருக்கிறாள். அடுத்து எந்த வண்டி படுக்கும் என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"நம்ம வீட்டுல அடுத்து எது படுக்கும்னு சொல்லுமா?"

"அதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? உங்க முட்டிதான்." இது சமையலறையிலிருந்து என் மனைவி.

இருபத்தெட்டாம் தேதிக்குள் 'இது வேலை செய்கிறது' என்று பணிமனை மேலாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 14

கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. பதினான்காம் எண் வண்டி படுக்கப் போகிறது என்றது. இரண்டு நாள் நிறுத்தி அக்கக்காகப் பிரித்தார்கள். ஒரு குறையும் இல்லை. வந்து ஐந்து வருடமே ஆன வண்டி. இருப்பதிலேயே ராசியானது.

"ஏம்மா, உன் கம்ப்யூட்டர் யாருகிட்ட ஜோசியம் கத்துக்கிச்சு?" என்றாராம் போர்மேன். மேலாளர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை நல்ல வண்டிய நிறுத்த வெச்சேன்னா, கையெழுத்த மறந்துடு."

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் என்ன செய்ய? எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியுமா?

மார்ச் 15

காலையில் சும்மாதான் கேட்டேன். "பதினாலு மேல அப்படி என்னதாம்மா புகார்?"

வாசித்தாள். ஓட்டுநர் தலையில் மழை ஒழுகுகிறது. இரண்டாம் கியர் உதறுகிறது. பின் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறது.

"அட, அது பழைய பதினாலும்மா! உன் அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் உடைக்கப் போயிடுச்சே!"

பணிமனைச் சுவரில் சாவி மாட்ட, வண்டி எண்ணுக்கு ஒன்றாக ஐம்பத்தாறு கொக்கிகள். எந்தக் கொக்கியும் காலியாகத் தொங்கக் கூடாது. அங்கே அப்படி ஒரு பழக்கம். ஒரு வண்டி உடைக்கப் போனால், அடுத்து வருகிற வண்டிக்கு அதே எண். அந்த எண்ணை அடித்தவனே நான்தான். செத்த வண்டியின் பாவமெல்லாம் புது வண்டி தலையில் ஏறியிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாருமே அவளிடம் சொல்லவில்லை.

"இத முதல்லயே சொல்லக்கூடாதாப்பா?"

"நீதான என்னைப் போன்கிட்ட தள்ளிவிட்ட?"

எழுந்து போய் நேற்றைக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

மார்ச் 16

எந்த எண், எந்த வண்டி, எப்போது செத்தது? அப்படிக் கைமாறிய எண் பத்தொன்பது. பத்தொன்பதும் சொன்னேன், நிறத்தோடு. அவள் எழுத எழுத எனக்கு ஒரே மிதப்பு.

மார்ச் 18

பணிமனைக் காகிதங்களோடு ஒத்துப் பார்த்தாளாம். பதினெட்டு சரி. முப்பத்தொன்று தப்பு.

"அது உடைக்கப் போகவே இல்லப்பா. மேல்கூடு மட்டும் மாத்தியிருக்காங்க. அடியில அதே கிழட்டு வண்டிதான்."

இல்லவே இல்லை என்று சாதித்தேன். புது வண்டி, மஞ்சள், இந்தக் கையால் அடித்தேன்! என்ஜின் எண்ணைக் காட்டினாள். முன்னும் பின்னும் ஒரே எண். எண் படிக்கத் தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. நான் அடித்த பெயின்டை நானே நம்பியிருக்கிறேன்.

"கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குதான் ஒரு தப்ப ஒத்துக்கிட்டாரு. தேதியக் குறிச்சு வைங்க" என்றாள் மனைவி.

குறித்தாயிற்று.

மார்ச் 21

திருத்திப் போட்டதும் கம்ப்யூட்டர் முப்பத்தொன்று என்கிறதாம். மேலாளர் முகத்தைச் சுளித்தாராம். "நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க சார். ஒண்ணும் இல்லன்னா ப்ராஜெக்டையே வாபஸ் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

யாரைக் கேட்டுச் சொன்னாள்? நான்கு வருடம் — ஒரு மணி நேரத்துக்கா? அடிப்பாவி.

மார்ச் 22

பிரேக்குக்குக் காற்று போகிற குழாயில் விரிசல். நகக்கீறல் மாதிரி, உள்பக்கமாக. கழற்றிப் பார்த்தால்தான் தெரியுமாம். போர்மேன் ஜோசியம் பேசவில்லை. குழாயை அவரே துணியில் சுற்றி மேலாளர் மேஜைமேல் வைத்தாராம். மேலாளர் பேனாவைத் தேடினாராம்.

"நீங்க சொன்னத அப்படியே போட்டிருந்தா, முப்பத்தொண்ண இளசுன்னு விட்டிருக்கும்பா" என்றாள் மகள்.

இதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை, சொன்னதுதான் சரி.

மார்ச் 28

கல்லூரியில் ஒப்பித்துவிட்டு வந்து பகலிலேயே குறட்டை. வீட்டில் யாரும் பேசக் கூடாதாம். அதனால் இதுவும் ரகசியக் குரலில்.

மே 19

இருபத்திரண்டாம் எண் வண்டியை நேற்று உடைக்க இழுத்துப் போனார்கள். இன்று புது வண்டி வந்தது. மகள் தானும் ஓரமாக நின்று படம் எடுத்து வந்து காட்டினாள். நெற்றியில் ஐம்பத்தேழு. ஏழின் வால் கொஞ்சம் கோணல். நான் அடித்திருந்தால் இப்படி வராது. சுவரில் புதுக் கொக்கி. இருபத்திரண்டு வெறுமனே தொங்குகிறது.

அதே படத்தின் ஓரத்தில் அவள் கழுத்து அட்டையும் விழுந்திருந்தது. முன்பு அதில் பெயருக்குக் கீழே இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் 'பழகுநர்' என்றும் கீழ் வரியில் வேலையின் பெயரும் போட்டிருப்பதாக அவள்தான் ஒருமுறை சொன்னாள்.

இப்போது ஒரு வரிதான் இருக்கிறது.